பாலமும் மாளிகையும்

மேல்வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் என்னை வினவினான்: "ஐயா, அந்நிய ஆட்சியை எதிர்ப்போர் பாலத்தைத் தகர்த்தலும் மாளிகையைத் தகர்த்தலும் ஒன்றா, வேறா?" பலஸ்தீன வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தவன் அவன். இலக்கணம் கற்பிப்பவனுக்கு இது புறம்பான வினா எனத் தட்டிக்கழிக்க மனம் ஒப்பவில்லை. செயலுக்கேற்ற சொல்லைத் தெரிந்து வழங்குதல் எம் தொழிலன்றோ?

1939 இல் பிரித்தானியர் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அடுத்த ஐந்து ஆண்டுகளிற் பலஸ்தீனத்துட் குடிபுகத்தக்க யூதர் தொகையை 75,000 என வரையறுத்தது. ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர் கொன்றொழிக்கப்பட்ட பின்னரும் அக்கதவு அகலத் திறக்கவில்லை. எஞ்சியோரை ஏற்றிவந்த கப்பல்கள் தடுக்கப்பட்டன. இந்நிலையில், 1945 இல் ஹகானா, இர்குன், லெஹி என்னும் மூன்று மறைவியக்கங்களும் ஒன்றுகூடின. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதி இரவில் நாடெங்கும் இருப்புப்பாதைகளை உடைத்தன. 1946 யூன் 16 ஆம் திகதி இரவு, ஹகானாவின் பல்மாக் படையினர் பலஸ்தீனத்தை அயல்நாடுகளோடு இணைத்த பாலங்களைத் தகர்த்தனர். ஒரு பாலத்தருகே அவர்களுள் 14 பேர் மாண்டனர்.

முப்பத்தாறு நாள் கழிந்தது. யூலை 22 அன்று இர்குன் இயக்கத்தினர் பாற்கலங்களில் வெடிமருந்தை நிரப்பி, எருசலேமிலுள்ள கிங் டேவிட் ஹோட்டலின் நிலவறையில் வைத்தனர். அதன் தென்பகுதியில் ஆட்சியின் செயலகமும் படைத்தலைமையும் இருந்தன. நண்பகல் சற்றே கழிந்த வேளையில் அப்பகுதி இடிந்து வீழ்ந்தது. இறந்தோர் 91 பேர். அவருட் பிரித்தானியரினும் அராபியரே மிகுதி. யூதரும் 17 பேர். பலர் எழுதுவினைஞரும் பணியாளருமாவர்.

தொலைபேசியில் முன்னரே எச்சரித்தோம் என்பர் இர்குன் சார்பினர். போருக்கு முன் எளியாரை ஒதுங்கச் சொல்லுதல் அறத்தாறு என்பது நம் பழம்புலவர்க்கும் உடன்பாடே. ஆயினும் ஒதுங்குதற்கு வேண்டிய காலமும் வழியும் அளித்தலும் அவ்வறத்துள் அடங்கும். ஒதுங்கினரா என்று பாராத எச்சரிக்கை பழியைக் குறைக்கலாம், நீக்காது.

"அவ்வெடியாலன்றோ 1948 இல் அந்நாடு பிறந்தது?" என்பாரும் உளர். அக்கூற்று முழுவுண்மை அன்று. உலகப்போரால் பிரித்தானியாவின் கருவூலம் வறண்டிருந்தது, அமெரிக்காவும் நெருக்கியது, அகதிகளின் துயரம் உலகின் மனத்தைத் தைத்தது. இவையெல்லாங் கூடியே 1947 இல் அவ்வழக்கை ஐக்கிய நாடுகள் சபையின் முன் வைத்தன. ஹோட்டல் தாக்குதலுக்கு முதலில் இசைந்த ஹகானாவின் தலைமையோ, பின்னர் கூட்டியக்கத்தினின்றும் விலகியது. 1948 ஏப்ரில் 9 இல் இர்குன், லெஹிப் படையினர் டெயிர் யாசின் என்னும் அராபியச் சிற்றூரிற் பெண்டிரையும் சிறாரையுங் கூடக் கொன்றனர். அங்கே எதிர்ப்பதற்குப் பேரரசு யாதும் இருந்ததில்லை.

2006 இல் அவ்விடத்தில் நினைவுக்கல் நாட்டி, எச்சரிக்கை விடுத்த செய்தியை அதிற் பொறித்தனர். பிரித்தானியத் தூதர் ஆட்சேபித்தார். அறுபது ஆண்டின் பின்னும் வழக்கு சொல்லைப் பற்றியதாகவே இருந்தது.

மாணவனுக்கு, "இரண்டும் வேறு" என்றே விடையிறுத்தேன். முன்னையதை எதிர்ப்பு எனலாம். பின்னையதைக் கொலை என்றே எழுதுதல் வேண்டும். ஆயின் ஒன்றிலிருந்து மற்றொன்றை அடைய முப்பத்தாறு நாளே சென்றன என்பதையும் அவ்விடையின் கீழ்க் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.