கம்பனி மூடப்பட்டால் கடனும் மூடப்படுமா?

ஒருவர் மௌத்தானால், ஜனாஸாத் தொழுகைக்கு முன் குடும்பத்தார் எழுந்து, "கடன் ஏதும் இருந்தால் எங்களிடம் கேளுங்கள்" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். ஒரு கம்பனி முடிந்துபோனால் அப்படிச் சொல்ல யாருமில்லை.

2020 மே 22இல் த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டார்கள். வைப்புக் காப்புறுதியாக அப்போது கிடைத்தது ஆகக் கூடியது 6 இலட்சம் ரூபாய். அதற்கு மேல் போட்டவர்கள், கம்பனியோடு தங்கள் காசும் போய்விட்டது என்றே நினைத்தார்கள்.

இங்குதான் குழப்பம். அனுமதிப்பத்திரம் இரத்தாவது வேறு, கம்பனி ஒடுக்கப்படுவது வேறு, கலைந்து பதிவேட்டிலிருந்து நீங்குவது வேறு. ஒடுக்கும் காலத்தில் கம்பனி சட்டப்படி உயிரோடுதான் இருக்கிறது. ஒடுக்குநர் அதன் பெயரில் வழக்குத் தொடரலாம். ஆகவே, "கம்பனியே இழுத்து மூடியாச்சு, இனி லீசிங் கட்டத் தேவையில்லை" என்று இருப்பவர்களுக்கும் ஒருநாள் கடிதம் வரும். கம்பனிக்கு வரவேண்டிய கடனும் ஒரு சொத்துதான்.

கம்பனியிடம் பணம் கேட்பவர்கள் தங்கள் கோரிக்கையை ஒடுக்குநரிடம் ஆதாரத்துடன் நிரூபிக்க வேண்டும். ஒடுக்கும் செலவு, ஊழியர்களின் ஈ.பி.எப்., சம்பள நிலுவை போன்றவை முன்வரிசையில் நிற்கும். ஈடு பெற்றுக் கடன் கொடுத்த வங்கி தன் ஈட்டை வைத்திருக்கும். சாதாரணக் கடன்காரர் கடைசியில்.

கலைந்த பிறகுதான் உண்மையான சிக்கல். இங்கிலாந்தில் ஒரு பருத்தி ஆலையில் வேலை செய்து, பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்ட ஒரு பெண்ணின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அவர் நட்டஈடு கேட்கப் போனபோது ஆலைக் கம்பனி 1976இலேயே கலைந்திருந்தது. அதைச் சட்டப்படி மீட்டெடுக்க அன்றிருந்த 2 வருட அவகாசமும் தாண்டிவிட்டது. காப்புறுதிக் கம்பனியிடம் போனார். முதலில் ஆலையின் பொறுப்பு நிரூபிக்கப்பட வேண்டும், ஆனால் வழக்குப் போட ஆலையே இல்லை என்று 1989இல் பிரபுக்கள் சபை கைவிரித்தது. காப்புறுதிக் கட்டணம் மட்டும் வருடக்கணக்கில் ஒழுங்காக வாங்கப்பட்டிருக்கும்! அதே வருடம் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. உடற்காய நட்டஈட்டுக்காக, கலைந்த கம்பனியைப் பதிவேட்டில் மீளச் சேர்க்க இன்று அங்கே கால எல்லை இல்லை. மற்றக் கோரிக்கைகளுக்கு 6 வருடம்.

இங்கே நடைமுறையில் இருப்பது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குமுன் வர்த்தமானியில் அறிவித்தல் வரும். ஆட்சேபிக்க வேண்டிய நேரம் அதுதான். ஆனால் காத்தான்குடியிலோ அக்குறணையிலோ கடை வைத்திருப்பவர் எவர் வர்த்தமானி வாசிக்கிறார்? பெயர் முகவரி தெரிந்த கடன்காரர் ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் நேரடியாகக் கடிதம் போவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து. தபால் செலவைக் கம்பனியின் சொத்திலிருந்தே எடுக்கட்டும்.