வாரண்ட் எங்கே என்று கேட்பது குற்றமல்ல

தேடுதல் என்ற சொல்லுக்கு நம் மக்களிடம் தனிப் பொருள் உண்டு. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தது, சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று சொல்லித்தான். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பழங்குடிப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளம் தலித் மக்களின் வீடுகளுக்குள் போலீஸ் புகுந்ததும் தேடுதலின் பெயரில்தான். வாச்சாத்தியில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேர் தண்டிக்கப்பட 2011 வரையும், அதை உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய 2023 வரையும் காத்திருந்தோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 103ஆம் பிரிவுப்படி, வாரண்டோடு வரும் அதிகாரி அதைக் காட்ட வேண்டும். காட்டினால் நாம் கதவைத் திறக்க வேண்டும். வாரண்ட் இல்லாமலும் தேடலாம் என்கிறது 185ஆம் பிரிவு. ஆனால் தாமதித்தால் பொருள் கிடைக்காது என்று நம்புவதற்கான காரணத்தையும், தேடும் பொருள் எது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிவு 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். விண்ணப்பித்தால் நமக்கு இலவச நகல் உண்டு. 105ஆம் பிரிவு தேடுதலை வீடியோ எடுக்கச் சொல்கிறது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

சாட்சிகள் அப்பகுதியைச் சேர்ந்த 'மரியாதைக்குரிய' இருவராக இருக்க வேண்டுமாம். யார் மரியாதைக்குரியவர்? ஊர்த்தெருக்காரர் மட்டுமா? சேரியில் பக்கத்து வீட்டு அக்காவும் மரியாதைக்குரியவர்தான். போலீஸ் கூட்டிவரும் ஆளே சாட்சி என்பதை நாம் ஏற்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் டால்ரீ மாப் என்ற கறுப்பினப் பெண்ணின் வீட்டில், வாரண்ட் என்று ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டிவிட்டு போலீஸ் தேடியது. அப்படி எடுத்த பொருள் சாட்சியமாகாது என்று 1961இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் உச்ச நீதிமன்றமோ, தேடுதல் முறைகேடானது என்பதற்காக மட்டும் சாட்சியம் தள்ளுபடியாகாது என்று 1973இல் பூரண்மல் வழக்கில் சொல்லிவிட்டது. விதியை மீறிய போலீஸுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. ஆகவே விதியைக் கேட்டு வாங்கும் வேலை நம் தலையில் விழுகிறது.

மல்லுக்கு நிற்க வேண்டாம். அதுவே இன்னொரு வழக்காகும். வாரண்டைக் கேளுங்கள். தேடும்போது கூடவே இருங்கள். எடுத்த பொருள்களின் பட்டியல் நகலை வாங்குங்கள். நேரத்தையும் பெயர்களையும் குறித்துவையுங்கள். திருவான்மியூர் குப்பத்துத் தகரக் கதவுக்கும் அடையாறு பங்களாக் கதவுக்கும் சட்டம் ஒன்றுதான். படிக்கும் பிள்ளைகள் இதை வீட்டிலுள்ளோருக்கு வாசித்துக் காட்டட்டும்.