அந்தப் பட்டம் இல்லாதவர்கள் தொடங்கிய துறை

சென்ற வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் ஆய்வு செய்யும் மத்தியப் பல்கலைக்கழகத்திலேயே கணினி அறிவியல் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்திருந்தேன். தொடர்புடைய பிரிவில் இளநிலைப் பொறியியல் பட்டம் இல்லாமையால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று ஒரே வரியில் பதில் முடிந்திருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அது ஒரு விதியைப் பின்பற்றியது. என் வழக்கு அந்த விதியோடும், அதற்குப் பின்னால் நிற்கும் எண்ணத்தோடும்தான்.

நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன். பிறகு எம்.சி.ஏ. முடித்தேன். கணினி அறிவியலில் நெட் தேர்வெழுதி இளநிலை ஆய்வு நல்கை பெற்றேன். ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகம் அண்மையில் பி.டெக். தொடங்கியது. மூன்றாண்டுகளாக அந்த மாணவர்களுக்கு அல்காரிதம் ஆய்வகத்தை நடத்தி வருகிறேன். வினாத்தாள் அமைப்பதும் விடைத்தாள் திருத்துவதும் நானே. ஆய்வாளன் என்ற பெயரில் அவர்களுக்குக் கற்பிக்கத் தகுதி உண்டாம். ஆசிரியன் என்ற பெயரில் கற்பிக்கத்தான் தகுதி இல்லையாம்.

எங்கள் புலத்தின் நுழைவாயிலில் அதன் வரலாற்றைச் சொல்லும் பலகை ஒன்று தொங்குகிறது. தொடக்ககால ஆசிரியர்களின் படங்கள் அதில் வரிசையாக உள்ளன. பெரும்பாலோர் கணிதத் துறையிலிருந்து வந்தவர்கள், ஒருவர் இயற்பியல், ஒருவர் புள்ளியியல். இன்றைய விளம்பரத்துக்கு விண்ணப்பித்தால் அவர்களுள் எவரும் முதற்கட்டச் சரிபார்ப்பைத் தாண்ட மாட்டார்கள். இது எங்கள் புலத்தின் விசித்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். இந்தியாவில் கணினி அறிவியல் கல்வியின் வரலாறே இதுதான்.

கான்பூர் ஐ.ஐ.டி.யை எடுத்துக்கொள்வோம். ஐ.பி.எம். 1620 என்னும் கணினி அங்கே வந்திறங்கியது 1963இல். அவ்வாண்டே கணினிப் பாடங்கள் தொடங்கின. கணினி அறிவியலில் எம்.டெக்., முனைவர் பட்டத் திட்டங்கள் 1971இல் உருவாயின. பி.டெக். வந்தது 1978இல், முதல் அணியில் சேர்ந்தோர் வெறும் 20 பேர். தனித்துறை அமைந்தது 1984இல். இந்த வரிசையைச் சற்று நின்று பாருங்கள். முதலில் கணினி, பிறகு பாடம், பிறகு ஆய்வு, அதன் பிறகே இளநிலைப் பட்டம், கடைசியில் துறை. 1963க்கும் 1978க்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அங்கே கற்பித்தவர்களிடம் கணினி அறிவியல் பி.டெக். பட்டம் இருந்திருக்க வழியே இல்லை. இன்று நுழைவுச் சீட்டாகக் கேட்கப்படும் பட்டம், அந்தச் சீட்டு இல்லாதவர்கள் வடிவமைத்தது.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அங்கே கற்பித்தவர்களுள் முதன்மையானவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். அவருடைய முதல் பட்டம் தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பெற்ற இயற்பியல் ஆனர்ஸ். பிறகுதான் இந்திய அறிவியல் கழகம், எம்.ஐ.டி., விஸ்கான்சின் எல்லாம். மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் 1960இல் செயல்படத் தொடங்கிய டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன், கிண்டியில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்து, கணிதத்தில் முனைவரானவர். 1950களின் நடுவில் கணினியை இந்தியாவுக்கு வரவழைத்தது கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். அதை நிறுவிய மகலநோபிஸ் கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கணித ஆசிரியை ராணி சிரோமணி, வாசலில் போடும் கோலத்தின் வடிவங்களை முறைசார் மொழிக் கோட்பாட்டின் இலக்கணங்களால் விளக்கிய ஆய்வுகளை 1970களில் வெளியிட்டார். கோட்பாட்டுக் கணினியியலில் இந்தியாவிலிருந்து எழுந்த முன்னோடிக் குரல்களுள் அவருடையது ஒன்று.

இன்னொரு பெயர் போதும். ராஜ் ரெட்டி 1994இல் டூரிங் விருது பெற்றவர். பேச்சறிதல் ஆய்வின் முன்னோடி. அவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தது கட்டடப் பொறியியல். 'தொடர்புடைய பிரிவு' என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பங்களைப் புரட்டும் எழுத்தர் அவரை எந்தக் கட்டில் சேர்ப்பார்?

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: 'அது தொடக்ககாலம், துறை பிறக்கும்போது எல்லோரும் வெளியிலிருந்துதான் வருவார்கள், இன்று துறை முதிர்ந்துவிட்டது.' பதிலில் பாதி நியாயம் உண்டு. ஆனால் துறை முதிர்ந்த பிறகும் வெளியிலிருந்து வருவோருக்கென்று திட்டமிட்டே ஒரு கதவு திறக்கப்பட்டது. அந்தக் கதவின் பெயர்தான் எம்.சி.ஏ.

1980களின் தொடக்கத்தில் நாட்டுக்கு வேண்டிய கணினி வல்லுநர்களை எப்படி உருவாக்குவது என்று ஆராய ராஜாராமன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. பொறியியல் கல்லூரிகளை மட்டும் நம்பினால் தேவையை ஈடுகட்ட முடியாது என்பது வெளிப்படை. அறிவியலிலும் வணிகவியலிலும் பட்டம் பெற்ற பல்லாயிரம் இளைஞர்கள் இருந்தார்கள். கணிதம் அறிந்த ஒரு பட்டதாரிக்கு மூன்றாண்டு முறையான பயிற்சி அளித்தால், அதன் இறுதிப் பருவத்தைத் தொழிலகத்தில் கழிக்கச் செய்தால், அவர் எந்தப் பெரிய மென்பொருளையும் வடிவமைப்பார் என்று குழு நம்பியது. அவ்வாறு பிறந்த எம்.சி.ஏ., பொறியியலுக்குக் கிடைக்காமல் போனவர்களுக்கான ஆறுதல் பரிசு அன்று. நாட்டின் தேவையைக் கணக்கிட்டு வகுத்த திட்டம்.

பல்கலைக்கழகங்களின் கணினி அறிவியல் புலங்கள் பலவும் இந்தத் திட்டத்தின் மீதே வளர்ந்தன. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கணினி, அமைப்பு அறிவியல் புலம் 1970களில் தோன்றியது. எம்.சி.ஏ., எம்.டெக்., முனைவர் பட்டம் ஆகியவையே அதன் திட்டங்கள். அப்பல்கலைக்கழகத்தில் பொறியியல் புலம் என்று ஒன்று வந்தது 2018இல்தான். அதுவரை நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பி.டெக். வாடையே இல்லாமல் ஒரு கணினிப் புலம் தலைநகரில் இயங்கியிருக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலோ கணினித் துறை நெடுங்காலம் கணிதத்தோடு ஒரே புலத்தில் இருந்தது. செயற்கை நுண்ணறிவுக்கென்றே ஓர் எம்.டெக். திட்டமும் அங்கு உண்டு. இவை பொறியியல் கல்லூரியின் நகல்கள் அல்ல. கணிதம், இயற்பியல், மொழியியல், பொருளியல் ஆகியவற்றுக்கு அடுத்த அறையில் கணினி அறிவியலை வைத்த இடங்கள்.

அடுத்த அறை என்பது அலங்காரச் சொல் அன்று. கான்பூரில் வினீத் சைதன்யாவும் ராஜீவ் சங்கலும் அவர்களுடைய அக்ஷர் பாரதி குழுவினரும் பாணினிய இலக்கண மரபைக் கொண்டு இந்திய மொழிகளுக்கிடையே இயந்திர மொழிபெயர்ப்பை முயன்றார்கள். அந்தப் பணி பின்னர் ஹைதராபாதில் தொடர்ந்தது. இலக்கணம் அறிந்தவரும் நிரல் எழுதுபவரும் ஒரே மேசையில் அமராமல் அப்படி ஒரு முயற்சி நடந்திருக்காது. இன்று எல்லோரும் இந்திய மொழிகளுக்கான செயற்கை நுண்ணறிவு என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த மேசைக்கு வரக்கூடியவர்களின் இளநிலைப் பட்டத்தைப் பார்த்து வெளியே நிறுத்துகிறோம்.

இனி கதவு எப்படி அடைபட்டது என்று பார்ப்போம். இரண்டு தாழ்ப்பாள்கள் விழுந்தன.

முதலாவது, காலக் குறைப்பு. 2020-21 கல்வியாண்டு முதல் எம்.சி.ஏ. மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. பி.சி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. கணினி அறிவியல் முடித்தவர்கள் ஏற்கெனவே நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து வந்தார்கள். அவர்களுக்கு முதலாண்டு வீண் என்பது சரியே. ஆனால் அந்த முதலாண்டு அவர்களுக்காக ஏற்பட்டதே அன்று. பி.எஸ்ஸி. கணிதமும் இயற்பியலும், பி.காம்.மும் முடித்து வருபவருக்கு அதுதான் பாலம். தரவுக் கட்டமைப்பு, கணினிக் கட்டமைப்பு, இயங்குதளம், தனிநிலைக் கணிதம் எல்லாவற்றையும் முதன்முறையாகக் கற்கும் ஆண்டு. அதை எடுத்துவிட்டு இணைப்புப் பாடங்கள் நடத்திக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் புலத்தில் அந்த இணைப்புப் பாடம் சில வாரங்களில் முடிந்துபோகிறது. ஓராண்டில் நடந்த பாலத்தை நான்கு வாரத்தில் தாண்டச் சொன்னால், ஏற்கெனவே அக்கரையில் இருப்பவர்களே மிஞ்சுவார்கள். இப்போது எங்கள் வகுப்பில் கணினி படிக்காத துறையிலிருந்து வருபவர் ஆண்டுதோறும் அரிதாகி வருகிறார். நான் சேர்ந்தபோது பாதி வகுப்பு நாங்கள்தான்.

இரண்டாவது தாழ்ப்பாள், பணி நியமன விதி. தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. 2019இல் வெளியிட்ட விதிகள், பொறியியல் பாடங்களுக்கான உதவிப் பேராசிரியரிடம் தொடர்புடைய பிரிவில் பொறியியல் இளநிலை, முதுநிலைப் பட்டங்களைக் கேட்கின்றன. யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிகளோ முதுநிலையில் 55 விழுக்காடும் நெட் தேர்ச்சியும், அல்லது முனைவர் பட்டமும் போதும் என்கின்றன. இரண்டு அமைப்புகளும் ஒரே கல்வி அமைச்சகத்தின் கீழ் இருப்பவை. ஒரே பாடம், ஒரே பாடநூல். அதை பி.எஸ்ஸி. வகுப்பில் நடத்த நான் தகுதியானவன். இரண்டு மாடி மேலே பி.டெக். வகுப்பில் நடத்தத் தகுதியற்றவன். டைக்ஸ்ட்ராவின் அல்காரிதம் மாடிப்படி ஏறும்போது மாறிவிடுகிறதா?

இவ்விரண்டு தாழ்ப்பாள்களும் தனித்தனியே விழுந்தாலும் விளைவு ஒன்றே. பல்கலைக்கழகங்கள் இப்போது அடுத்தடுத்துப் பி.டெக். தொடங்குகின்றன. புதிய பணியிடங்கள் அங்கேதான் உருவாகின்றன. பழைய எம்.சி.ஏ. புலங்களில் ஓய்வு பெறுபவரின் இடம் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. புலம் வளர்கிறது என்று ஆண்டறிக்கை சொல்லும். அந்த வளர்ச்சியில், புலத்தை நடத்தி வந்தவர்களின் மாணவர்களுக்கு இடம் இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் துறை பெருகிய காலத்தில் தெருவுக்கொரு கல்லூரி எம்.சி.ஏ. நடத்தியது; ஆய்வகமும் ஆசிரியரும் இல்லாமல் பட்டங்கள் வழங்கப்பட்டன; ஆகவே பட்டத்தின் மீது ஐயம் எழுவது இயல்பு என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே காலத்தில் அதே வேகத்தில் பொறியியல் கல்லூரிகளும் பெருகின. அங்கிருந்து வந்த பட்டத்தின் மீது அந்த ஐயம் ஏன் படியவில்லை? தரம்தான் கவலை என்றால் தேர்வு வையுங்கள், மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள், ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். பதினெட்டு வயதில் ஒருவர் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார் என்பதை முப்பது வயதில் அவருடைய தரத்துக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். பதினெட்டு வயதில் அந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் அறிவு அன்று. வீட்டின் வருமானம், பயிற்சி மையக் கட்டணம், பெண் பிள்ளையை எவ்வளவு தொலைவுக்கு அனுப்புவது என்ற வீட்டாரின் தயக்கம் ஆகியவைதான். என் எம்.சி.ஏ. வகுப்பில் உடன் படித்த பெண்களில் பலர், அருகில் இருந்த கலைக் கல்லூரிக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவர்கள். இருபத்தொன்றாம் வயதில்தான் அவர்களுக்கு முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தது. அந்த இரண்டாம் வாய்ப்பின் பெயர்தான் எம்.சி.ஏ.

ஏ.ஐ.சி.டி.இ. விதி எங்கள் கைகளைக் கட்டிவிட்டது என்று பல்கலைக்கழக நிர்வாகங்கள் சொல்லும். அது பாதி உண்மை. பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகங்கள் தொழில்நுட்பப் படிப்புகளைத் தொடங்க ஏ.ஐ.சி.டி.இ.யின் முன் அனுமதியைப் பெறத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. தர நெறிகளைப் பேண வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் படிப்பு தொடங்கும்போது தன்னாட்சியை நினைவுகூரும் நிர்வாகம், ஆசிரியரை நியமிக்கும்போது மட்டும் அதை மறந்துபோவது ஏன்? கல்விக்குழுவில் ஒரு தீர்மானமாவது வந்ததா? விலக்குக் கோரி ஒரு கடிதமாவது போனதா?

நாம் கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று: கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற எவருக்கும், அவருடைய இளநிலைப் பட்டத்தின் பெயர் எந்தக் கணினிப் புலத்திலும் தடையாக இருத்தல் கூடாது. யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் இதை ஒரே விதியாக வகுக்க வேண்டும்.

இரண்டு: கணினி படிக்காத துறைகளிலிருந்து வருவோருக்கு மூன்றாண்டு எம்.சி.ஏ.யை விருப்பத் திட்டமாக மீண்டும் திறக்க வேண்டும். சில வார இணைப்புப் பாடம் அதற்கு ஈடாகாது.

மூன்று: ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதற்கட்டச் சரிபார்ப்பிலேயே நிராகரித்த விண்ணப்பங்களின் எண்ணிக்கையையும் காரணத்தையும் வெளியிட வேண்டும். எத்தனை பேர் இப்படி வாசலில் நிறுத்தப்படுகிறார்கள் என்பது வெளியே தெரிந்தால்தான் இது என்னுடைய தனிப்பட்ட மனக்குறை அன்று என்பது விளங்கும்.

பேராசிரியர்களாக இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் கணிதத்திலிருந்தும் இயற்பியலிலிருந்தும் இந்தத் துறைக்கு வந்தவர்கள். அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். நீங்கள் உள்ளே வந்த கதவைப் பற்றி நீங்கள் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? ஆய்வாளர்களுக்கும் ஒன்று: இதே காரணத்தால் உங்கள் விண்ணப்பமும் திரும்பியிருந்தால், நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்து, நீங்கள் படித்த பட்டங்களையும் வந்த பதிலையும் கீழே எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து இரு அமைப்புகளுக்கும் மனுவாக அனுப்பப் போகிறேன்.

நாளை காலை பத்து மணிக்குப் பி.டெக். மூன்றாம் பருவத்துக்கு ஆய்வகம் இருக்கிறது. வழக்கம்போல் நான்தான் நடத்துகிறேன்.