கோட் அவர்களுக்கு, புரிதல் எங்களுக்கு

போன வருசம் என்ர வேலையிடத்தில நாலு பேரை நிப்பாட்டினவை. கடைசி இரண்டு கிழமையும் அவையள் தங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் ஒரு கோப்பில எழுதி வச்சவை. பிறகு ஒரு சின்னப் பிழை வந்தது. கோப்பைத் திறந்தம். எல்லாம் இருந்தது, 'ஏன்' மட்டும் இல்லை.

டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985இல் எழுதிய 'புரோகிராமிங் ஆஸ் தியரி பில்டிங்' கட்டுரையை அதுக்குப் பிறகுதான் வாசிச்சன். நிரல் என்பது வெறும் கோட் அல்ல, அதை எழுதியவர்களின் புரிதல் என்கிறார் அவர். ஒரு குழு எழுதிய கம்பைலரை இன்னொரு குழு விரிவாக்கப் போனது. கோடும் முழு ஆவணங்களும் கையில் இருந்தன. ஆனாலும் அவர்கள் முன்வைத்த மாற்றங்கள் பல, அதன் கட்டமைப்பையே குலைக்கக்கூடியவை. முதல் குழு அதை உடனே கண்டுகொண்டது. குழு கலைந்தால் நிரல் செத்துவிடும், புரோகிராமரை எளிதில் மாற்றக்கூடிய உதிரிப்பாகமாக நினைப்பதைக் கைவிட வேண்டும் என்பது அவர் முடிவு.

இதை 'நாங்கள் தனி ரகம்' என்று வாசிக்கக் கூடாது, தோழர்களே. கிளீனிங் செய்யிற அக்காவுக்கும் தன்ர கட்டடத்தைப் பற்றி இதே மாதிரி அறிவு இருக்கு. கோட் முதலாளிக்குச் சொந்தம், புரிதல் எங்களிட்ட. அதை ஆளாளுக்கு ஒரு கோப்பில எழுதிக் குடுக்க முன்னம், சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசுவம்.