முதல் விளையாட்டு சிறியதாக இருக்கட்டும்

கணினி விளையாட்டு உருவாக்கும் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொள்ளும் மாணவர்கள் பலர், திரையில் ஒரு நகரத்தையே கட்ட ஆசைப்படுகின்றனர். நேரம் முடிந்துவிடும், விளையாட்டு முடிந்திருக்காது. எனவே, முதல் முயற்சி சிறியதாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

2002ஆம் ஆண்டு தொடங்கிய ‘லூடம் டாரே’ எனும் அனைத்துலகப் போட்டியில், தனியாகப் பங்கேற்பவர் 48 மணி நேரத்திற்குள் விளையாட்டை உருவாக்கி முடிக்க வேண்டும். கருப்பொருளும் தொடக்கத்தில்தான் அறிவிக்கப்படும். அங்கு நிரல் எழுதும் திறனோடு, வேண்டாதவற்றை நீக்கும் துணிவும் தேவை.

சிறிய கதையை யார் விரும்புவார் எனச் சிலர் கேட்கலாம். 2023இல் வெளிவந்த ‘வெண்பா’ எனும் கணினி விளையாட்டில், கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய் ஒருவர் சிதைந்த சமையல் குறிப்பேட்டைக் கொண்டு இட்லி அவிக்கிறார். அது 2024இல், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் நம்மிடமும் அத்தகைய கதைகள் உண்டு. பாட்டி ஆடிய பல்லாங்குழியையே எடுத்துக்கொள்ளலாம். 14 குழிகளும் புளியங்கொட்டைகளும் விதிப்படி இயங்கினால் போதும். அழகைப் பிறகு சேர்க்கலாம்.

பரிசு கிடைக்காமல் போகலாம். ஆயினும், முடித்த விளையாட்டு ஒன்று நம் கையில் இருக்கும். அடுத்த முயற்சியை அங்கிருந்து தொடங்கலாம்.