கேள்வி கேட்காத இன்ஸ்டாலேஷன் வேண்டும்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர் ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்திட முனைந்தால் எந்த போல்டர், டிபிகலா கஸ்டமா, எந்தெந்தப் பகுதிகள் எனக் கேள்விகள் வரிசையாக வருகின்றன. பதில் தெரியாதவர் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என அழுத்திக் கொண்டே போகிறார். முன்பே டிக் செய்து வைத்த ஒரு கட்டத்தின் வழியாக, கேட்காத டூல்பார் ஒன்று பிரவுசரில் வந்து உட்கார்ந்துவிடும். (எத்தனை வீடுகளில் இவற்றை நீக்கியிருக்கிறேன்!) டிபால்ட் செட்டிங்ஸ் நமக்குச் சாதகமாக இருக்க வேண்டும். தயாரித்தவருக்கே நன்கு தெரிந்த பதிலை நம்மிடம் ஏன் கேட்க வேண்டும்?

மைக்ரோசாப்ட் 2020ல் அறிவித்து, 2021ல் பதிப்பு 1.0 ஆகத் தந்த விங்கெட் எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். விண்டோஸ் 11ல் இது உள்ளது. கமாண்ட் விண்டோவில் இதன் எக்ஸ்போர்ட் கட்டளையைக் கொடுத்தால், உங்கள் புரோகிராம்களின் பட்டியல் ஒரு சிறிய பைலாகக் கிடைக்கும். எப்படிப் பதிவது என்று அதில் எதுவும் இல்லை. என்னென்ன வேண்டும் என்பது மட்டுமே. பென் டிரைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் மாற்றிய பின் இம்போர்ட் கட்டளையில் அந்த பைலைக் குறிப்பிட்டால், அனுமதி கேட்பதைத் தவிர பெரும்பாலும் வேறு கேள்வியின்றி வேலை முடியும்.

விங்கெட் தொகுப்பில் இல்லாதவை பட்டியலில் வராது. சிடியில் வாங்கிய பழைய புரோகிராம்களை நாம்தான் இன்ஸ்டால் செய்திட வேண்டும், ஒவ்வொரு டிக்கையும் படித்துப் பார்த்து.