தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

"ராத்திரி ஏதோ கனா கண்டு பதறி எழுந்தேன் மாமி. காலையில் யோசித்தால் ஒண்ணுமே ஞாபகமில்லை!" பிரசவத்துக்குப் பிறந்தகம் வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் போன மாசம் சொன்னாள்.

கனவு மறப்பது இயற்கைதான். தூக்கத்தில் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை, மூடிய இமைக்குள் கண்விழிகள் வேகமாக உருளும். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இதை வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. விடியற்காலையில் அந்த நேரம் நீளும். விழித்ததும் பால், அடுப்பு என்று ஓடினால் கனவு போச்சு!

தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள். விழித்ததும் புரளாமல், கண்ணை மூடியபடியே கடைசிக் காட்சியைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். பிறகு தேதி போட்டு நாலு வரி எழுதுங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால், மனசு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை போதும். போகப் போகப் பழகிவிடும்.

அவளும் எழுதினாள். மூன்று நாளும் ஒரே கனவு: குழந்தையைக் காணோம்! "கெட்ட சகுனமா மாமி?" என்று அழுதாள். இல்லவே இல்லை. பிள்ளை பெற்ற பலருக்கும் வருவதுதான். உள்ளே இருக்கும் கவலை அப்படித் தலைகாட்டுகிறது. நோட்டைத் தன் அம்மாவிடம் காட்டினாள். இப்போது ராத்திரி பாதி நேரம் குழந்தை பாட்டியிடம்!

இப்படிப்பட்ட கனவுகள் ஓயாமல் வந்து தூக்கத்தைக் கெடுத்தால், டாக்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.